ஃபோன்ல ஓடுது… டிவியில ஓடலையே!

அமெரிக்காவிலிருந்து வந்த வீடியோ மயிலாப்பூர் வீட்டு டிவியில் ஓடவில்லை என்ற புகாருக்கு நாற்பது வயதாகிறது. 1980-களில் நியூ ஜெர்சியிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளையின் பெட்டியில் சாக்லேட், சென்ட் பாட்டிலோடு ஒரு விஎச்எஸ் கேசட்டும் இருக்கும். பேரனின் ஆண்டு நிறைவு. விசிஆர் வைத்திருக்கும் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து, ஃபேனையும் விளக்கையும் சரிசெய்து முடித்த பிறகு, திரையில் படம் மேலும் கீழுமாக உருள ஆரம்பிக்கும். உருளாமல் நின்றாலும் நிறம் வராது.

கேசட்டில் கோளாறு இல்லை. அமெரிக்காவின் என்டிஎஸ்சி முறையில் ஒரு படத்துக்கு 525 கோடுகள், வினாடிக்குக் கிட்டத்தட்ட 30 படங்கள். இங்கே உள்ள பிஏஎல் முறையில் 625 கோடுகள், 25 படங்கள். அங்கே வீட்டு மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50 ஹெர்ட்ஸ். ஆரம்பகால டிவிகள் அந்தத் துடிப்பை ஒட்டியே வடிவமைக்கப்பட்டதால் உலகம் அப்படிப் பிரிந்துபோனது. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டித் தூர்தர்ஷன் கலருக்கு வந்தபோது நாம் பிஏஎல் பக்கம் சேர்ந்தோம். கேசட் ஒரே அளவு, ஒரே ஓட்டை, விசிஆருக்குள் ஒழுங்காகப் போகும். படம் மட்டும் வராது. சிங்கப்பூர் போய்வருபவர்களிடம் சொல்லியோ பர்மா பஜாரில் விசாரித்தோ ‘மல்டி சிஸ்டம்’ விசிஆர் வாங்கியவர்கள் தப்பித்தார்கள்.

இன்று கேசட் இருந்த இடத்தில் பென்டிரைவ். தாத்தா-பாட்டியின் சதாபிஷேகம், தங்கையின் அரங்கேற்றம், சாந்தோம் சர்ச்சில் நடந்த ஞானஸ்நானம், முண்டகக்கண்ணி அம்மன் கோயிலில் பொங்கல் வைத்தது என்று எல்லாமே ஃபோனில் பளிச்சென்று ஓடுகிறது. டிவியின் பின்னால் செருகினால் ‘ஃபார்மட் நாட் சப்போர்ட்டட்’. சில வீடுகளில் சத்தம் வரும், படம் வராது. சில வீடுகளில் படம் வரும், நாதஸ்வரம் வராது. “அதுல ஒண்ணுமே இல்லேங்கறதுடா இந்த டிவி” என்று அம்மா வீடியோ காலில் சொல்ல, கலிஃபோர்னியாவில் நள்ளிரவில் விழித்திருக்கும் பொறியாளர் மகனுக்கு வரும் கோபத்தை இங்கே எழுத முடியாது.

கோபத்தில் அடுத்து நடப்பதுதான் எனக்குக் கவலை. யாரோ ஒருவர் கைக்குக் கிடைத்த கன்வர்ட்டரில் போட்டு, பாதித் தரத்துக்குச் சுருக்கி, டிவியில் ஓடவைத்துவிடுவார். ஓடுகிறதே என்ற நிம்மதியில் அசல் ஃபைலை அழித்துவிடுவார்கள். ஓடாத வீடியோவை எப்போது வேண்டுமானாலும் ஓடவைக்கலாம். அழித்துச் சுருக்கியதை விரிக்க வழியே இல்லை. மயிலாப்பூர் வீடுகள் இந்தத் தவறை விஎச்எஸ்ஸிலிருந்து விசிடிக்கு, விசிடியிலிருந்து டிவிடிக்கு, டிவிடியிலிருந்து வாட்ஸ்அப்புக்கு என்று தலைமுறைக்கு ஒருமுறை செய்து வந்திருக்கின்றன.

தூக்கும் குழம்பும்

குழப்பத்தின் பாதி ஃபைல் பெயரில் இருக்கிறது. எம்பி4, எம்ஓவி, எம்கேவி, ஏவிஐ என்று பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகள் வெறும் பாத்திரம். எவர்சில்வர் தூக்கை வெளியிலிருந்து பார்த்து உள்ளே இருப்பது வத்தக்குழம்பா ரசமா என்று சொல்ல முடியாது. உள்ளே படம் எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது, சத்தம் எந்த முறையில் என்பதுதான் விஷயம். அந்த முறைக்குத்தான் கோடெக் என்று பெயர். ‘எம்பி4 ஓடும்’ என்று டிவி அட்டைப்பெட்டியில் அச்சடித்திருப்பார்கள். உங்கள் ஃபைலும் எம்பி4 தான். ஆனால் உள்ளே இருப்பது எச்.264 என்றால் ஓடும், எச்.265 என்றால் அதே டிவி கைவிரிக்கும்.

சுருக்காமலே வைத்துக்கொண்டால் என்ன? ஃபுல் எச்டி படம், வினாடிக்கு 30 ஃபிரேம், சுருக்கம் எதுவும் இல்லாமல் சேமித்தால் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 5.6 ஜிபி ஆகும். முகூர்த்தம் முடிவதற்குள் ஃபோன் நிரம்பிவிடும். அதே ஒரு நிமிடம் எச்.264 முறையில் ஐஃபோனில் சுமார் 130 எம்பி. 2013-இல் வந்த எச்.265, அதாவது எச்ஈவிசி முறையில் 60 எம்பி. நாற்பதில் ஒரு பங்கு, நூறில் ஒரு பங்கு என்று இப்படிக் குறைவதற்குக் காரணம், கோடெக் ஒவ்வொரு படத்தையும் முழுதாக எழுதுவதில்லை. ஒரு படத்தை முழுதாக எழுதிவிட்டு, அடுத்தடுத்த படங்களில் என்ன மாறியது, எது எந்தப் பக்கம் நகர்ந்தது என்று மட்டும் குறித்துக்கொள்கிறது.

மாற்றம் குறைவாக இருக்கும் இடத்தில் இந்த வித்தை அபாரமாக வேலை செய்யும். மார்கழிக் கச்சேரியை எடுத்துக்கொள்ளுங்கள். பாடகர் உட்கார்ந்த இடத்தில் இருக்கிறார், பின்னால் சபாவின் பெயர் எழுதிய துணி அசையாமல் தொங்குகிறது. பக்கவாத்தியக்காரர்களின் கைகளும் பாடகரின் முகமும்தான் மாறுகின்றன. சின்ன ஃபைலிலும் படம் தெளிவாக இருக்கும். அதே கேமராவைப் பங்குனியில் அறுபத்துமூவர் அன்று வடக்கு மாடவீதியில் ஒரு மொட்டைமாடியிலிருந்து பிடியுங்கள். ஆயிரக்கணக்கான தலைகள் ஆளுக்கொரு திசையில் நகர்கின்றன, விசிறிகள் ஆடுகின்றன, பூ பறக்கிறது. திரையில் மாறாத இடம் என்று ஒன்று கிடையாது. கோடெக்குக்கு மூச்சு முட்டும். ஒதுக்கிய இடத்துக்குள் எல்லாவற்றையும் எழுத முடியாமல் படம் கட்டம் கட்டமாக உடையும்.

அட்சதை விழும் நேரம்

வீட்டு வீடியோவில் இந்த உடைசல் எங்கே வந்து விழுகிறது என்பதுதான் வேடிக்கை. தொண்ணூறுகளின் கடைசியிலும் 2000-களின் தொடக்கத்திலும் எடுத்த கல்யாண விசிடி இருந்தால் போட்டுப் பாருங்கள். நிச்சயதார்த்தம் சுமாராகத் தெரியும். காசி யாத்திரை பரவாயில்லை. ஊஞ்சலில் கொஞ்சம் கலங்கும். கெட்டிமேளம் முழங்கி மாங்கல்யதாரணம் நடக்கும்போது, எல்லாப் பக்கத்திலிருந்தும் அட்சதை பறந்து, எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்று, ஃபிளாஷ் மேல் ஃபிளாஷ் அடிக்கும்போது, மொத்தத் திரையும் சதுரங்கக் கட்டமாகிவிடும். முழுக் கல்யாணத்திலும் எந்த நொடிக்காக வீடியோக்காரரை அழைத்தோமோ அந்த நொடியில்தான் விசிடி தோற்கும்.

விசிடியைக் குற்றம் சொல்வதில் அர்த்தமில்லை. எம்பெக்-1 என்ற முறையில் 1993-இல் வகுத்தது அது. இங்கே புழங்கிய பிஏஎல் விசிடியில் படத்தின் அளவு 352-க்கு 288 புள்ளிகள். இன்றைய ஃபுல் எச்டி படத்தின் புள்ளிகளில் இருபதில் ஒரு பங்கு. படத்துக்கு வினாடிக்கு 1,150 கிலோபிட் என்று நிரந்தரமாக ஒதுக்கீடு. அட்சதை விழுந்தாலும் சரி, மேளக்காரர்கள் காபி குடித்தாலும் சரி, அதே அளவுதான். ஒரு டிஸ்கில் 74 நிமிடம் என்பதால் மூன்று மணி நேரக் கல்யாணம் மூன்று டிஸ்காகும்.

ஆனால் விசிடி எல்லா இடத்திலும் ஓடியது. 2006-இல் தொடங்கிய அரசின் இலவசக் கலர் டிவியோடு மலிவு விலைப் பிளேயர் ஒன்றைச் சேர்த்துவிட்டால் வீட்டிலேயே தியேட்டர். 2007 வாக்கில் மோசர் பேயர் நிறுவனம் பட விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்க ஆரம்பித்த பிறகு டிஸ்க் மளிகைச் சாமான் மாதிரி ஆனது. அந்த வேகத்தில் பல வீடுகள் விஎச்எஸ் கேசட்டை விசிடியாக மாற்றி, கேசட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டன. மங்கலாக இருந்தாலும் கேசட்டில் இருந்த கோடுகளில் பாதியைத்தான் விசிடி வாங்கிக்கொண்டது. இழந்தது இழந்ததுதான்.

அந்த விசிடியும் இன்றைய டிவியில் நேராக ஓடாது. டிஸ்கை லேப்டாப்பில் போட்டு ‘எம்பெக்ஏவி’ என்ற ஃபோல்டரைத் திறந்தால் ‘டிஏடி’ என்று முடியும் ஃபைல் இருக்கும். அதை அப்படியே பென்டிரைவில் ஏற்றினால் பெரும்பாலான டிவிகள் கண்டுகொள்ளாது. பெயரின் கடைசியை ‘எம்பிஜி’ என்று மாற்றினாலே சில டிவிகளில் ஓடிவிடும். டிவிடி என்றால் உள்ளே ‘விஓபி’ ஃபைல்கள், ஒவ்வொன்றும் ஒரு ஜிபிக்கு மிகாத துண்டுகளாக இருக்கும். ஹோமத்தின் நடுவே படம் நின்று அடுத்த துண்டைக் கையால் தொடங்க வேண்டியிருக்கும். அந்தக் கால நோக்கியாவில் எடுத்த ‘3ஜிபி’ ஃபைலில் சத்தம் ஏஎம்ஆர் என்ற முறையில் இருக்கும். தொலைபேசிப் பேச்சுக்காக உருவான முறை. டிவிக்கு அது பிடிபடாவிட்டால், தாத்தா வாயசைப்பார், குரல் கேட்காது.

சிப்பில் இல்லாதது அப்டேட்டில் வராது

இன்றைய சிக்கலின் பெரும் பகுதிக்கு ஒரு தேதி உண்டு: 2017 செப்டம்பர். ஐஓஎஸ் 11 வந்தபோது, ஐஃபோன் 7 முதலான மாடல்கள் தாமாகவே எச்ஈவிசியில் வீடியோ எடுக்க ஆரம்பித்தன. எடுப்பவருக்குத் தெரியாது, இடம் மிச்சமாகிறது என்பதால் யாரும் கேள்வி கேட்கவும் இல்லை. நம் கூடத்துச் சுவரில் இருப்பதோ 2012-இலோ 2013-இலோ ஆடித் தள்ளுபடியில் வாங்கிய டிவி. படம் இன்னும் நன்றாகவே இருக்கிறது, மாற்ற மனம் வராது. அந்த டிவிக்குள் இருக்கும் சிப்பில் எச்.264-ஐப் பிரிக்கும் பகுதி தனியாகப் பதிக்கப்பட்டிருக்கிறது, எச்ஈவிசிக்கு அப்படி ஒன்று இல்லை.

“சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணினா வந்துடாதா சார்?” என்று கேட்பவர்கள் உண்டு. லேப்டாப்பில் வரும். அதன் பொதுவான பிராசசருக்கு எந்தக் கணக்கையும் போடத் தெம்பு இருக்கிறது. டிவியின் பிராசசர் மெனு காட்டவும் சேனல் மாற்றவும் போதுமான அளவுக்குத்தான் இருக்கும். படத்தைப் பிரிக்கும் பாரத்தை முழுக்க அந்தத் தனிப் பகுதிதான் சுமக்கிறது. அதில் இல்லாததை அப்டேட்டால் கொண்டுவர முடியாது.

சென்னைக்கு இது தெரிந்த கதைதான். 2003 செப்டம்பரில், கட்டணச் சேனல்களுக்கான ‘கேஸ்’ திட்டத்தின் பெயரில் நாட்டிலேயே முதலில் செட் டாப் பாக்ஸ் தலையில் கட்டப்பட்ட ஊர் நம்முடையது. 2007 டிசம்பரில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சன் டைரக்ட் எம்பெக்-4 முறையில் டிடிஎச் ஒளிபரப்பைத் தொடங்கியது. அதற்கு முன்பே வந்துவிட்ட டிஷ் டிவியும் டாடா ஸ்கையும் எம்பெக்-2-இல் இருந்தன. பின்னால் வந்தவர்கள் அதே அலைவரிசையில் அதிக சேனல்களை அடைக்க முடிந்தது. முன்னால் வந்தவர்கள் மாற வேண்டுமென்றால் வாடிக்கையாளர் வீட்டுப் பெட்டியையே மாற்ற வேண்டும்.

பணமும் இதில் இருக்கிறது. கோடெக் என்பது கணக்கு என்றாலும் அதன் ஒவ்வொரு உத்திக்கும் ஏதோ ஒரு நிறுவனம் காப்புரிமை வைத்திருக்கிறது. எச்ஈவிசிக்கு 2014-க்கும் 2017-க்கும் இடையே மூன்று தனித்தனிக் காப்புரிமைக் கூட்டணிகள் முளைத்தன. யாருக்கு எவ்வளவு கட்டுவது என்று தயாரிப்பாளர்கள் குழம்பினார்கள். நம் ஊருக்கும் இது எட்டாத விவகாரம் அல்ல. டிவிடி டிஸ்கில் உள்ள தகவலைப் பிரித்தெடுக்கும் முறைக்கான காப்புரிமையை மீறியதாக, இங்கே பிளேயர் தயாரித்தவர்கள் மீது பிலிப்ஸ் தொடுத்த வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2018 ஜூலையில் தீர்ப்பளித்தது. ஒரு பிளேயருக்கு 3.175 டாலர், 2010 மே மாதக் கடைசியிலிருந்து 1.90 டாலர் என்று ராயல்டி நிர்ணயித்தது. மலிவான பிளேயரின் விலையில் இது எத்தனை சதவிகிதம் என்று நீங்களே கணக்குப் போடலாம். இந்தத் தொல்லை வேண்டாம் என்று கூகுள், நெட்ஃபிளிக்ஸ், அமேசான் உள்ளிட்டவர்கள் 2015-இல் கூட்டுச் சேர்ந்து, 2018-இல் ராயல்டி இல்லாத ஏவி1 என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் ஓடாத பட்டியலில் இன்னொரு பெயரும் சேர்ந்தது.

கோடெக் சரியாக இருந்தும் கெடுக்கும் சில்லறைத் தொல்லைகள் தனி. ஃபோனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த வீடியோவில் ‘இதைத் திருப்பிக் காட்டு’ என்ற குறிப்பு மட்டும்தான் எழுதியிருக்கும்; அதைப் படிக்காத டிவியில் மணப்பெண் படுத்துக்கொண்டே நலங்கு விளையாடுவாள். ஐஃபோன் 12 முதல் வரும் டால்பி விஷன் எச்டிஆர் வீடியோ சாதாரண டிவியில் வெளுத்து, அரக்குப் புடவை சிமென்ட் நிறமாகத் தெரியலாம். ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் ஏறாது. மேக் கம்ப்யூட்டருக்கென்று ஃபார்மட் செய்த ஹார்ட் டிஸ்கை நம் டிவியில் செருகினால் காலி என்று காட்டும். ரெக்கார்டிங் வசதியுள்ள சில டிவிகள் ‘ஃபார்மட் செய்யட்டுமா?’ என்று கேட்கும். தயவுசெய்து வேண்டாம் என்ற பட்டனை அழுத்துங்கள். பேரன் நடை பழகியது முழுக்க அதில்தான் இருக்கும்.

ஓடவைப்பது எப்படி

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆரஞ்சுக் கூம்பு ஐகானோடு இருக்கும் விஎல்சி, 1996-இல் பாரிஸ் பொறியியல் கல்லூரி ஒன்றின் மாணவர்கள் தொடங்கிய திட்டத்தில் பிறந்த இலவச மென்பொருள். வீடியோவை அதில் ஓடவிட்டு ‘டூல்ஸ்’ மெனுவில் ‘கோடெக் இன்ஃபர்மேஷன்’ அழுத்தினால் உண்மை தெரிந்துவிடும்.

எதையும் மாற்றாமல் பார்க்க வேண்டுமென்றால் லேப்டாப்பை எச்டிஎம்ஐ கேபிளில் டிவியோடு இணையுங்கள். பிரிக்கும் வேலையை லேப்டாப் செய்துவிடும், டிவி வெறும் திரையாக இருக்கும். ஆண்ட்ராய்டு டிவி பெட்டி ஒன்றைச் செருகி அதில் விஎல்சியை நிறுவுவதும் இதே வழிதான். புது டிவி வாங்குவதைவிடச் செலவு குறைவு. என்னைக் கேட்டால் பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு இதுதான் நல்லது. ஒரு ரிமோட் கூடும் என்பது ஒன்றே குறை.

பென்டிரைவிலேயே ஓட வேண்டும் என்றால், ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் ‘ஃபாஸ்ட் 1080பி30’ என்பதைத் தேர்ந்தெடுத்து மாற்றுங்கள். படம் எச்.264, சத்தம் ஏஏசி, பாத்திரம் எம்பி4. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் விற்ற அநேகமாக எல்லா டிவியும் இதை ஏற்கும். இது டிவிக்கான பிரதி, அவ்வளவுதான். அசலைத் தொடாதீர்கள். இனி எடுப்பதற்கு, ஐஃபோனில் செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ் என்று போய் ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ போட்டுக்கொள்ளலாம். ஃபைல் இரட்டிப்பாகும், டிவி சண்டை குறையும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் வீடியோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். வீடியோவாகப் போனால் அது தன் பங்குக்கு ஒருமுறை பிழிந்துவிடும்.

விஎச்எஸ் கேசட் இன்னும் பரணில் இருந்தால் அவசரம் வேறு மாதிரி. உலகில் கடைசியாக விசிஆர் தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. காந்த நாடாக்களை ஓட்டும் இயந்திரங்கள் 2025 வாக்கில் கிடைப்பதே அரிதாகிவிடும் என்று யுனெஸ்கோ 2019-லேயே எச்சரித்தது. கடல் காற்றடிக்கும் ஊரில் நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை வேறு பூக்கும். பூஞ்சை பிடித்த கேசட்டை விசிஆரில் போட்டால் ஹெட்டும் போய்விடும், நாடாவும் கிழியலாம்.

‘கேசட் டு பென்டிரைவ்’ என்று போர்டு மாட்டிய கடைக்குப் போனால் விலையைக் கேட்பதற்கு முன், ஒரு மணி நேரத்துக்கு எத்தனை ஜிபி வரும் என்று கேளுங்கள். மூன்று, நான்கு ஜிபி என்றால் டிவிடி தரத்தில் செய்கிறார் என்று அர்த்தம். “அரை ஜிபிதான் சார், வாட்ஸ்அப்லயே அனுப்பலாம்” என்று பெருமையாகச் சொன்னால் கேசட்டை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுங்கள். பழைய படம் நாலுக்கு மூன்று வடிவம். அகல டிவி நிறைய வேண்டும் என்று இழுத்துவிடுவார்கள், ஒல்லியாக இருந்த சித்தப்பாவெல்லாம் குண்டாகிவிடுவார். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருக்கட்டும் என்று சொல்லிவிடுங்கள். கேசட்டைத் திருப்பி வாங்க மறக்காதீர்கள்.

புதுக் கல்யாணம் வைத்திருப்பவர்களுக்கு வேலை சுலபம், பேச்சை முன்பே பேசிவிட்டால். ஆல்பத்துக்கு எத்தனை பக்கம், டிரோன் உண்டா என்று கேட்பதோடு, டிவியில் ஓடும் எச்.264 பிரதி ஒன்றும் கேமராவிலிருந்து வந்த அசல் ஃபைல்களும் வேண்டும் என்று ஸ்டுடியோக்காரரிடம் அட்வான்ஸ் கொடுக்கும்போதே சொல்லுங்கள். அசலுக்கு ஹார்ட் டிஸ்கை நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுவது நல்லது, இரண்டாக இருந்தால் இன்னும் நல்லது. அடுத்த சீசன் வந்ததும் இடம் போதாமல் அவர்கள் பழையதை அழிப்பது வழக்கம். வைகாசியில் கல்யாணம் முடிந்து, முகூர்த்த நெரிசலில் அவரால் காப்பி எடுத்துத் தர முடியாமல் போனால் ஆடி பிறந்ததும் போய் உட்காருங்கள். அந்த மாதம் ஸ்டுடியோவில் கூட்டம் இருக்காது, எடிட்டரும் ஓய்வாக இருப்பார். ஃபைல்களை உங்கள் எதிரிலேயே ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டச் சொல்லி வாங்கி வரலாம்.